கல்லாப்பெட்டிக்குப் பிறந்தது, கண்ணாஸ்பத்திரிக்கு வந்தது

தாமல் ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் கழனி. அதன் நடுவில் மோட்டார் கொட்டகை. வீட்டு மாடியிலிருந்து அளந்தால் முந்நூறு மீட்டருக்குச் சற்று அதிகம் வரும். மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் போய் நின்றுவிட்டதா என்று பார்க்க ராத்திரியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அது நல்ல வேலை இல்லை. கொட்டகையில் ஒரு கேமராவும் பழைய லேப்டாப்பும் வைத்து, வீட்டு வைஃபையில் இணைத்துவிடலாம் என்று நினைத்தேன். லேப்டாப்புக்கு வெளியே ஆன்டெனா நீட்டிய ஒரு வைஃபை அடாப்டரை வாங்கி மாட்டினேன். படம் வரவில்லை. வந்தாலும் பாதியில் உறைந்து நின்றது. விற்ற கடையில் கேட்டால், "ரேஞ்சு அவ்வளவுதான் சார், வேற மாடல் பாருங்க" என்றார்கள்.

அந்த லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தது. கறுப்புத் திரையில் 'ஐடபிள்யூகான்ஃபிக்' என்று அடித்தேன். நாலைந்து வரி வந்தது. அதில் ஓர் எண்: மைனஸ் 84 டிபிஎம். காற்றில் வந்து சேரும் அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதன் அளவு அது. பூஜ்யத்தை நோக்கி ஏற ஏற பலம் கூடும். பத்து எண் ஏறினால் பலம் பத்து மடங்கு. மைனஸ் 84 என்றால் கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. எண்ணைப் பார்த்துக்கொண்டே ஆன்டெனாவை ஒரு மூங்கிலில் கட்டி, நடுவில் நின்ற வேப்பமரத்தின் தலைக்கு மேலே தெரியும்படி தூக்கினேன். மைனஸ் 79, 75, 71. அதே அடாப்டர், அதே ரவுட்டர். பதின்மூன்று எண் ஏறியதில் பலம் இருபது மடங்காகிவிட்டது. அன்று இரவு படுக்கையில் இருந்தபடியே மோட்டாரைப் பார்த்தேன்.

கடைக்காரர் சொன்னது தப்பு என்று சொல்லமாட்டேன். அவருக்கு அந்த எண் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. காற்றில் பேசும் இந்தச் சின்ன அட்டை, தன் நிலைமையைத் தானே சொல்ல வேண்டும், நாம் சொன்னால் மாற்றிக்கொள்ளவும் வேண்டும் என்று முதலில் யார் நினைத்தார்கள்? அதைத் தேடிப் போனதில் கதை நெதர்லாந்தில் தொடங்கி, நம் தேனியில் ஒரு பஞ்சாலைப் புகைபோக்கியின் மேல் வந்து நின்றது.

முதலில் அட்டை. 1985 மே மாதம் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இரைந்துகொண்டிருந்ததால், வேறெதற்கும் ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் அவை. அதைப் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானது என்சிஆர் நிறுவனம். கடைகளுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்து விற்றவர்கள். பெரிய கடைகளில் கல்லாவை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் தரையைத் தோண்டிக் கம்பி இழுக்கும் செலவை மிச்சப்படுத்த, கம்பியில்லாமல் கல்லாக்களை இணைக்கப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் இருந்த அவர்களின் பொறியியல் பிரிவில் 'வேவ்லேன்' அட்டை உருவானது. அங்கே வேலை பார்த்த விக் ஹேஸ் தலைமையில் பல நிறுவனங்களும் உட்கார்ந்து வருடக்கணக்கில் பேசி, 1997-இல் ஒரு பொதுத் தரத்தை ஒப்புக்கொண்டன. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 ஆனது. வைஃபை என்ற பெயரும் அந்த ஆண்டுதான் வந்தது.

ஆக, இது ஒரு கடைக்குள், ஒரு கூரைக்குக் கீழே பேசுவதற்காகப் பிறந்த பொருள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் அதிலிருந்துதான் முளைக்கிறது.

அடுத்து அந்த எண். தொடக்க காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் அட்டைக்குத் தன்னுடைய மென்பொருளைத் தந்தது. ஓர் அட்டைக்குக் கற்றது இன்னோர் அட்டைக்கு உதவாது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. எச்பி நிறுவனத்தில் இருந்த ழான் தூரில் என்பவர் 1996 முதல் இதற்கு ஒரு வழி செய்தார். அட்டை யாருடையதாக இருந்தால் என்ன, கேட்கும் கேள்விகள் ஒன்றுதானே? எந்தச் சேனலில் இருக்கிறாய், என்ன வேகத்தில் பேசுகிறாய், எதிராளியின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது, சுற்றி இரைச்சல் எவ்வளவு. இந்தக் கேள்விகளுக்கும் கட்டளைகளுக்கும் பொதுவான ஒரு மொழியை லினக்ஸுக்குள் வைத்து, அதைப் பேசச் சில சிறு கருவிகளையும் எழுதினார். நான் மோட்டார் கொட்டகையில் அடித்த கட்டளை அவற்றில் ஒன்று. அதை இலவசமாக, மூலநிரலோடு கொடுத்தார். இதற்கு எந்த விழாவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சில வரிகள் இல்லாவிட்டால், அட்டைக்குள் என்ன நடக்கிறது என்பது பெட்டியைச் செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்திருக்கும்.

இனி தேனி.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. மூட்டு நோயால் முறுக்கிக்கொண்ட விரல்களோடு கண் அறுவை செய்தவர் அவர். 1985-இல் தேனியில் ஒரு மருத்துவமனை வந்தது. இலவசமாகச் சிகிச்சை தந்தும், பஸ் வைத்து அழைத்துவந்தும்கூட, கிராமத்தில் கண் மங்கிய பலர் வரவே இல்லை. கண்ணாஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலி போகும், கூட ஒருவர் வர வேண்டும், அவர் கூலியும் போகும். எனவே ஊருக்குப் பக்கத்திலேயே சிறு பார்வை மையங்களைத் திறக்க முடிவு செய்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைச் சோதிப்பார். ஆனால் முடிவு சொல்ல மருத்துவர் வேண்டும். மையத்துக்கு ஒரு மருத்துவரை உட்கார வைக்க முடியாது. மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், கண்ணின் படத்தையும் பார்க்க வேண்டும்.

அன்றைய கிராமத்துத் தொலைபேசிக் கம்பியில் வீடியோ ஓடாது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு ஏற்கெனவே இணையம் கொண்டுபோயிருந்தது. அது அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. ஆனால் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் மருத்துவர் நோயாளியின் கண்ணைத் தெளிவாகப் பார்க்க முடியாது. செயற்கைக்கோள் என்றால் மாதச் செலவு தாங்காது.

அப்போதுதான் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் பிரூவர் தலைமையிலான ஒரு குழு வந்தது. ரபீன் பத்ரா, சொனேஷ் சுரானா, செர்ஜியு நெதெவ்ஸ்கி, சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போன லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் போன்றோர் அதில் இருந்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது அந்தக் கல்லாப்பெட்டி அட்டையைத்தான். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்பதால் மலிவு. 2005 ஜனவரியில் இந்திய அரசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்திருந்தது. எல்லாப் பக்கமும் சிதறும் அலையை ஒரே திசையில் குவிக்க ஒரு வலைக்கிண்ண ஆன்டெனா போதும். மலைகள் சூழ்ந்த தேனிச் சமவெளியில் கோபுரத்துக்குக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் அட்டை பேசும்.

பேசியது. ஆனால் திக்கித் திக்கிப் பேசியது. ஆன்டெனாவைத் தூக்கினால் எண் ஏறும், படம் வரும் என்பது என் மோட்டார் கொட்டகை அளவுக்குச் சரி. இங்கே எண் நன்றாகவே இருந்தது. ஆனாலும் வேகம் இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்த அட்டை ஒரு துண்டுத் தகவலை அனுப்பியதும், "வந்தது" என்று எதிர்முனை பதில் சொல்லக் காத்திருக்கும். அறைக்குள் அந்தப் பதில் உடனே வந்துவிடும். ஒளி வேகத்தில் போகும் அலைக்கு 15 கிலோமீட்டர் கடக்க 50 மைக்ரோசெகண்ட். போய்வர 100. நமக்கு அது கண் இமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறைக்குள் பிறந்த அட்டைக்கோ அது நெடுநேரம். பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, "தொலைந்துவிட்டது போலும்" என்று நினைத்து அதே துண்டை மறுபடி அனுப்பும். திரும்பவும் அனுப்பும். கடைசியில், எதிராளிக்குக் கேட்கவில்லை என்று முடிவு செய்து தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கல், பேசும் முன் கேட்டுப்பார்க்கும் பழக்கம். யாராவது பேசுகிறார்களா என்று கவனித்து, காற்று அமைதியாக இருந்தால் மட்டும் பேசு என்பது வைஃபையின் அடிப்படை நாகரிகம். ஒரு கடைக்குள் அது சரி. 15 கிலோமீட்டர் தள்ளி ஆண்டிப்பட்டி மையத்தில் இருப்பவர் பேசத் தொடங்கி 50 மைக்ரோசெகண்ட் கழித்துத்தான் இந்தப் பக்கம் கேட்கிறது என்றால், அதற்குள் இவரும் பேசத் தொடங்கியிருப்பார். இரண்டும் மோதும். மூன்றாவது இன்னும் பொல்லாதது. நடுவழிக் கோபுரத்தில் இரண்டு மூன்று அட்டைகள் ஒன்றாக இருக்கும். ஒன்று வடக்கே உரக்கப் பேசும்போது, பக்கத்திலேயே நின்று தெற்கிலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்க முயலும் இன்னொன்று செவிடாகிவிடும்.

இதற்கெல்லாம் மருந்து அட்டையின் அமைப்புகளுக்குள்தான் இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மாற்றலாம். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் சொல்லும் பழக்கத்தை நிறுத்தலாம். கேட்டுப் பேசும் நாகரிகத்தையே அணைத்துவிடலாம். ஆதெரோஸ் நிறுவனத்தின் அட்டைக்கு 'மேட்வைஃபை' என்று ஒரு லினக்ஸ் டிரைவர், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருள், இருந்தது. அதன் அடிப்பகுதி மட்டும் மூடிக்கிடந்தாலும், மேல்பகுதி மூலநிரலோடு திறந்தே இருந்தது. இத்தனை மீட்டர் தூரம் என்று சொன்னால் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டு மாற்றிவிடும் ஒரு சிறு கட்டளைகூட அதில் உண்டு. மூடிய டிரைவரோடு வந்த அட்டையாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். "ரேஞ்சு அவ்வளவுதான் சார்."

பழைய பழக்கங்களை அணைத்த பிறகு, அவற்றின் இடத்தில் எதை வைப்பது? எங்கள் ஏரிப் பாசனக்காரர்களைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்கள்: முறை வையுங்கள். ஏரியில் தண்ணீர் குறைந்தால் ஆளாளுக்கு மடையைத் திறக்க முடியாது. இத்தனை நாழிகை மேலக்கழனிக்கு, இத்தனை நாழிகை கீழக்கழனிக்கு என்று முறை கட்டுவோம். எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே, பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் தேர்ந்தெடுத்த செய்தி இருக்கிறது. பொது நீரைப் பிரித்துக்கொள்வதில் நமக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

காற்றுக்கும் அதே முறை கட்டப்பட்டது. ஒரு கோபுரத்தில் உள்ள எல்லா அட்டைகளும் ஒரே நேரத்தில் பேச வேண்டும், பிறகு எல்லாமே ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். அப்போது ஒன்று இன்னொன்றைச் செவிடாக்காது. இந்த யோசனையை விரிவாக வகுத்துக் காட்டியவர்கள் கான்பூர் ஐஐடியில் இருந்த பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும். இருவரும் சென்னை ஐஐடியில் பி.டெக் படித்தவர்கள். கங்கைச் சமவெளிக் கிராமங்களை வைஃபையால் இணைக்கும் பணியில் இருந்தபோது எழுந்த அவர்களின் ஆய்வு 2005-இல் வெளியானது. அதன் மேல் பெர்க்லிக் குழு கட்டியது. பதிலை ஒவ்வொரு துண்டுக்கும் கேட்காமல் மொத்தமாகக் கேட்டார்கள். வழியில் சில துண்டுகள் தொலைந்தாலும் மீதியை வைத்து ஈடுசெய்துகொள்ள, உதிரியாகச் சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து அனுப்பினார்கள். இப்படி உருவானதுதான் 'வைல்ட்நெட்'. 2007-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, சாதாரண வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு அதிகத் தகவல் ஓடியது. அதே ஆண்டு வெனிசுவேலா மலைகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு இதே முறை வேலை செய்தது. தேனிக்குத் தேவைப்பட்டது அவ்வளவு இல்லை. நொடிக்கு 5 முதல் 7 மெகாபிட், கண்ணைப் பார்த்துப் பேச அது தாராளம்.

அந்த வலையமைப்பின் உடலைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். மொத்தம் 11 ரவுட்டர்கள், 9 இணைப்புகள். மிகச் சிறிய இணைப்பு 1 கிலோமீட்டர், ஆண்டிப்பட்டி போகும் பெரியது 15. ஆறு இடங்களில் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்கள். மற்ற இடங்களில் மொட்டைமாடிக் குழாய், கிடைத்த உயரம். அதில் ஒன்றுதான் நான் முதலில் சொன்ன பஞ்சாலைப் புகைபோக்கி. ஒவ்வொரு ரவுட்டரும் 266 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சிறு கணினி, தண்ணீர் புகாத பெட்டிக்குள். சராசரியாக 7 வாட் மின்சாரம், ஒரு ஜீரோ வாட் பல்பைவிடப் பெரிதில்லை. போடி, சின்னமனூர், பெரியகுளம் பக்கத்து மக்கள் வீட்டுக்கு அருகிலேயே உட்கார்ந்து தேனி மருத்துவரிடம் பேசினார்கள்.

இதுவரை சொன்னது பாதிக் கதை. என் கண்ணுக்கு மறுபாதிதான் பெரிது. வலையைக் கட்டிய பிறகு அதை உயிரோடு வைத்திருப்பது.

பெர்க்லி மாணவர்கள் நிரந்தரமாகத் தேனியில் இருக்க முடியாது. அவர்கள் போன பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. வைஃபை கெட்டதால் அல்ல, பெரும்பாலும் கரண்டால். நம் ஊர் மின்சாரத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. திடீரென ஏறும், பெட்டி கருகும். நடுவில் போகும், எழுதிக்கொண்டிருந்த மெமரி கார்டு பாழாகும். இவை இரண்டும் புரிந்துகொள்ளக்கூடியவை. மூன்றாவதுதான் ஆளை அலைக்கழித்தது. வோல்டேஜ் பாதியில் தொங்கும்போது ரவுட்டர் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. விளக்கு எரியும், வேலை நடக்காது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அணைத்துப் போட ஓர் ஆள் கோபுரத்துக்குப் போக வேண்டும். வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானே மின்சாரத்தைத் துண்டித்து, சீரானதும் மறுபடி கொடுக்கும் ஒரு சுற்றைச் சேர்த்தார்கள். அந்த அலைச்சல் குறைந்தது.

அடுத்து, என்ன கெட்டது என்பதைத் தூரத்திலிருந்து அறிவது எப்படி? மருத்துவமனை வலைக்குள் வெளியிலிருந்து யாரும் நேரே நுழைய முடியாது. அதனால் வழியைத் திருப்பினார்கள். ஒவ்வொரு ரவுட்டரும் தானே வீட்டுக்குப் போன் போடுவதுபோல, தன் கணக்கை அமெரிக்காவில் இருந்த சர்வருக்கு அனுப்பிவிடும். எதிர்முனை எவ்வளவு பலமாகக் கேட்கிறது, இரைச்சல் எவ்வளவு, எத்தனை துண்டு தொலைந்தது, எப்போது அணைந்து எழுந்தேன். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரும் 'ஃபோன்ஹோம்' என்பதுதான். அலை பலம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்தால் ஒரு காரணம், ஒரே நாளில் சடாரென்று விழுந்தால் இன்னொரு காரணம், பலம் அப்படியே இருந்து துண்டுகள் மட்டும் தொலைந்தால் வேறொரு காரணம். எண்களின் போக்கைப் பார்த்தே, ஆன்டெனா திரும்பியதா, ஈரம் புகுந்ததா, பக்கத்தில் யாராவது புதிதாக அதே சேனலில் வந்துவிட்டார்களா என்று ஊகிக்கலாம். ஊகம் சரியாக இருந்தால், கோபுரம் ஏறுபவர் ஒரு முறை ஏறினால் போதும்.

அப்படி ஏறுபவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்பதும் போகப்போகத்தான் புரிந்தது. மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் உள்ளூர்த் தொழில்நுட்பக்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்து, பழுது பார்ப்பதை அவர்களிடமே படிப்படியாக ஒப்படைத்தார்கள். வலையமைப்பைக் கட்டுவதற்கும் உயிரோடு காப்பதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைப் பற்றியே 2008-இல் ஒரு தனிக் கட்டுரை எழுதினார்கள். தோற்ற இடங்களை மறைக்காமல் எழுதிய அந்தக் கட்டுரையை, கிராமத்துக்குத் தொழில்நுட்பம் கொண்டுபோகிறோம் என்று புறப்படும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டும் என்பேன். தொடக்க விழாவோடு நின்றுபோன திட்டங்களின் துருப்பிடித்த பெட்டிகளை நம் ஊராட்சி அலுவலகங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு வேண்டியிருந்தது புதுப்பெட்டி அல்ல, பார்க்கத் தெரிந்த ஓர் ஆள்.

2008-இல் ஆதெரோஸ் நிறுவனம் தன் அட்டைகளின் மூடிக்கிடந்த அடிப்பகுதி நிரலையும் திறந்து வெளியிட்டது. ழான் தூரிலின் பழைய கட்டளைக்குப் பதிலாக இன்று லினக்ஸில் 'ஐடபிள்யூ' என்ற சுருக்கமான புதிய கட்டளை இருக்கிறது. அதிலும் தூரத்தை மீட்டரில் சொல்லிக் காத்திருப்பு நேரத்தை மாற்றும் வசதி உண்டு. அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன.

எங்கள் கழனி மூங்கில் இன்னும் நிற்கிறது. கொட்டகை எண் இன்று காலையில் மைனஸ் 73. வேப்பமரம் துளிர்த்திருக்கிறது, அதனால் இரண்டு எண் இறக்கம். கிளையை ஒதுக்க வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கோ, ஊராட்சிக்கோ, கழனிக்கோ அடுத்த முறை வைஃபை அட்டையோ ரவுட்டரோ வாங்கும்போது, விலையையும் ரேஞ்சையும் கேட்பதோடு நிற்காதீர்கள். இதற்கு லினக்ஸில் திறந்த டிரைவர் இருக்கிறதா, அலை பலமும் இரைச்சலும் எண்ணாகத் தெரியுமா, சேனலையும் தூரத்தையும் நானே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு பெட்டி வாங்குங்கள்.